85 அடி நீள வீடு, பின்கட்டில் வைஃபை இல்லை: மெஷ் ரௌட்டருக்கு வயர் இழுக்கலாமா?

பாளையங்கோட்டைக்காரன் · சனி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. அகலம் 20 அடிதான், நீளம் 85 அடி. தெருவிலிருந்து தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுவர்கள் ஒன்றரை அடி கனம், பழைய சுண்ணாம்புக் கட்டு. அடுக்களைக்கு மேலே மட்டும் பிற்பாடு கான்கிரீட் போட்டு ஒரு மச்சு எடுத்தோம். நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது அங்கேதான்.

ஃபைபர் இணைப்பு தார்சாவில் வந்து இறங்குகிறது. 200 எம்பிபிஎஸ் திட்டம். மொபைலில் அளந்து பார்த்தேன்: தார்சாவில் 190, பட்டாசலில் 85, இரண்டாம் கட்டில் 11, மச்சில் சில நேரம் 2, பல நேரம் ஒன்றுமே இல்லை. அலுவலக அழைப்புகள் பாதியில் அறுந்துபோவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் கட்டில் படுத்திருக்கும் அப்பாவை இப்போது டாக்டர் வீடியோவில்தான் பார்க்கிறார். போன வாரம் டாக்டர் மூன்று முறை கேட்ட கேள்வி அப்பாவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கி பட்டாசலில் சொருகினேன். இரண்டாம் கட்டில் சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது, வேகம் மட்டும் 12-ஐத் தாண்டவில்லை. கடையில் மூன்று பெட்டி உள்ள மெஷ் செட் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக ஓடுவது) வாங்கச் சொல்கிறார்கள். "வயரே வேண்டாம் சார், மூணு ரூமில் சொருகினா போதும்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

கோவை வயர்மேன் · சனி, இரவு 10:02

வாங்குங்கள், ஆனால் வயர் போடாமல் வாங்காதீர்கள். 18 வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். கடைசி ஆறேழு வருடமாக நெட்வொர்க் கேபிள்தான் பாதி வேலை. உங்கள் வீட்டை நேரில் பார்க்காமலே சொல்லலாம், பிரச்சினை அந்தச் சுவர்களில்தான்.

மொபைலில் தெரியும் கோடு, மொபைலுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டும்தான் காட்டும். ரிப்பீட்டருக்கும் தார்சாவில் இருக்கும் ரௌட்டருக்கும் நடுவே நிலைமை எப்படி என்று அது காட்டாது. அங்கே சிக்னல் செத்திருந்தால் முழுக் கோடு இருந்தும் பயனில்லை. தவிர, சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்கிறது. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வந்த வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

வயர் இல்லாத மெஷ்ஷும் இதே வேலையைத்தான் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்கிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இணைப்புக்கு பேக்ஹால் என்று பெயர். அது காற்றில் போனால் உங்கள் ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும். வயரில் போனால் அந்தப் பெட்டி ரௌட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி. முதலில் வயருக்கு வழி பாருங்கள், பெட்டி எது என்பதை அப்புறம் பேசலாம்.

மொட்டைமாடி · ஞாயிறு, காலை 7:25

வயர்மேன் அண்ணா சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சென்னையில் எங்கள் ஃபிளாட் 1,100 சதுர அடி. வயர் இல்லாமல் இரண்டு பெட்டி மெஷ் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. 150 எம்பிபிஎஸ் திட்டத்தில் கடைசி அறையிலும் 110 வருகிறது. உள்சுவரெல்லாம் நாலரை அங்குலம்தான், இரண்டாவது பெட்டியை முதல் பெட்டி நேராகத் தெரிகிற மாதிரி ஹால் மூலையில் வைத்திருக்கிறோம். சுவரை உடைப்பதற்கு முன்னால் அவர் ஒருமுறை அப்படி முயற்சி செய்து பார்க்கட்டுமே.

கோவை வயர்மேன் · ஞாயிறு, காலை 8:40

நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இருந்தால் காற்றிலேயே நன்றாக ஓடும். உங்கள் ஃபிளாட்டுக்கு நான் வந்தாலும் வயர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் வீட்டில் தார்சாவுக்கும் மச்சுக்கும் நடுவே மூன்று கனத்த சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் இருக்கின்றன. தளத்துக்குள் கம்பி வலை இருக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை இதிலெல்லாம் புகுந்து வரும்போது ஒன்றும் மிஞ்சாது. 2.4 கொஞ்சம் மிஞ்சும், ஆனால் அதில் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரௌட்டர்களோடு நெரிசலும் அதிகம்.

பாளையங்கோட்டைக்காரன் · ஞாயிறு, காலை 11:30

நன்றி அண்ணாச்சி. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். 90களில் லேண்ட்லைன் போன் இருந்தபோது தார்சாவிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் சுவருக்குள் முக்கால் அங்குல பைப் போட்டிருக்கிறார்கள். போன் வயர் இன்னும் உள்ளேயே இருக்கிறது, இழுத்தால் லேசாக அசைகிறது. அங்கிருந்து மச்சுக்குக் கரண்டு பைப் மட்டும்தான் போகிறது. அதிலேயே நெட்வொர்க் வயரையும் சேர்த்து விடலாமா?

கோவை வயர்மேன் · ஞாயிறு, மதியம் 1:15

கரண்டு பைப்பில் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் ஓடுகிற வயரின் இன்சுலேஷன் எங்கேயாவது உரிந்திருந்தால் கரண்டு நேராக உங்கள் லேப்டாப் வரை வரும். மச்சுக்குத் தனியாக வெளிச்சுவர் வழியாக ஒரு பைப் ஏற்றுங்கள். கரண்டு வயரைத் தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள், பக்கத்திலேயே நீளமாக ஓட விடாதீர்கள்.

போன் பைப் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். பழைய வயரை உருவி எறிந்துவிடாதீர்கள். அதுதான் உங்களுக்கு இழுகயிறு. அதன் நுனியில் புது கேபிளையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து, முடிச்சு பருமனாகாமல் இன்சுலேஷன் டேப்பைச் சரிவாகச் சுற்றுங்கள். டேப்பின் மேலும் கேபிளின் மேலும் முகப்பவுடரைத் தாராளமாகத் தடவுங்கள். ஒருவர் இந்தப் பக்கம் தள்ள, ஒருவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். வளைவில் சிக்கினால் பலம் கொடுத்து இழுக்கக்கூடாது, அரை அடி பின்னால் விட்டு மறுபடி இழுங்கள். நைலான் கயிறு உள்ளேயே கிடக்கட்டும், நாளைக்கு இன்னொரு கேபிள் போட உதவும்.

குமரிக் கடலோரம் · ஞாயிறு, மதியம் 2:50

கேபிள் வாங்கும்போது கவனமாக இருங்கள். நான் அதில்தான் அடிபட்டேன். எங்கள் ஊர்க் கடையில் கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சிட்ட 100 மீட்டர் சுருள் மலிவாகக் கிடைத்தது. போட்டு எட்டு மாதத்தில் இணைப்பு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. நுனியை வெட்டிப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். சிசிஏ என்று சொல்வார்கள். நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடுகிறது. வாங்கும்போதே ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும். பெட்டியில் முழுச் செம்பு என்று எழுதியிருந்தாலும் சுரண்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

கோவை வயர்மேன் · ஞாயிறு, மாலை 6:05

இதைத்தான் நான் எழுத இருந்தேன். பைப்புக்குள் பூட்டி வைக்கிற கேபிளில் 500, 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள். ரௌட்டரை மூன்று வருடத்தில் மாற்றிவிடுவோம், கேபிள் 20 வருடம் சுவருக்குள் கிடக்கும்.

கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா என்று அடுத்துக் கேட்பார்கள். 1 ஜிபிபிஎஸ் வேகத்தை இரண்டுமே 100 மீட்டர் வரை கொண்டுபோகும். புதிதாக இழுக்கிறீர்கள் என்பதால் கேட் 6 போடுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கேட் 7, கேட் 8 என்று யாராவது விற்றால் வீட்டுக்குத் தேவையில்லை. கேபிள் நுனியைச் சுவரில் மாட்டும் ஐஓ பெட்டியில் (நெட்வொர்க் பிளக் சொருகும் பாயிண்ட்) முடித்து, அங்கிருந்து சின்ன பேட்ச் கேபிளில் ரௌட்டருக்குக் கொடுங்கள். சுவரிலிருந்து வரும் கேபிளை நேராக ரௌட்டரில் சொருகினால், பெருக்கும்போது துடைக்கும்போது அசைந்து அசைந்து ஒருநாள் உள்ளே அறுந்துபோகும்.

இரவல் ரௌட்டர் · ஞாயிறு, இரவு 8:20

நான் கல்லூரி மாணவன். மூன்று பெட்டி மெஷ் வாங்க வசதி இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். கேபிள் போட்டாகிவிட்டது என்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரே போதும். அதன் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். முகவரி கொடுக்கும் வேலையை முதல் ரௌட்டர் மட்டும்தான் பார்க்கவேண்டும். பழைய ரௌட்டரின் முகவரியை 192.168.1.2 என்பது போல, முதல் ரௌட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றுங்கள். கேபிளை அதன் லேன் (LAN) துளையில் சொருகுங்கள், வேன் (WAN) துளையில் வேண்டாம். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றும் முதல் ரௌட்டரில் உள்ளபடியே இருக்கட்டும். 2.4-க்கு ஒன்றில் சேனல் 1, இன்னொன்றில் 6 அல்லது 11 என்று பிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மாடிக்கு இப்படித்தான் ஓடுகிறது, தங்கை ஆன்லைன் வகுப்பு ஒருநாள்கூட நின்றதில்லை.

மொட்டைமாடி · ஞாயிறு, இரவு 8:45

அருமை தம்பி. அப்படியென்றால் மெஷ் எதற்கு?

இரவல் ரௌட்டர் · ஞாயிறு, இரவு 9:10

நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்கு மெஷ் நல்லது அக்கா. எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவெடுப்பது எப்போதுமே மொபைல்தான். பழைய ரௌட்டர் முறையில் மொபைல் தூரத்துப் பெட்டியையே பிடித்துத் தொங்கும், அறுந்த பிறகுதான் பக்கத்தில் உள்ளதைத் தேடும். மெஷ் பெட்டிகள் 802.11கே, வி என்ற முறைகளில் "உனக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, அங்கே போ" என்று மொபைலுக்குச் சொல்லிக் கொடுக்கும். ஆர் என்று ஒன்று உண்டு, மாறும்போது பாஸ்வேர்ட் சரிபார்க்கும் நேரத்தை அது குறைக்கும். எல்லாப் பெட்டிகளையும் ஒரே செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

பாளையங்கோட்டைக்காரன் · அடுத்த ஞாயிறு, மாலை 5:30

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது, ஆனால் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது.

போன் பைப்பில் கேபிள் போய்விட்டது. நான் தள்ள, தம்பி இழுத்தான். பட்டாசல் வளைவில் மட்டும் 20 நிமிடம் நின்றது, பவுடர் டப்பா பாதி காலி. இரண்டாம் கட்டிலிருந்து மச்சுக்குப் புறவாசல் பக்கமாகத் தனிப் பைப் ஏற்றினோம். மெஷ் பெட்டி டெகோ எம்4 என்ற மாடல், மூன்று. வாங்கும் முன்னால் போர்ட் ஜிகாபிட்தானா என்று பார்த்தேன், இரண்டு போர்ட்டும் ஜிகாபிட். தார்சா பெட்டியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு கேபிள், அங்கிருந்து மச்சுக்கு அடுத்த கேபிள் என்று தொடர்ச்சியாகக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டில் அப்பா கட்டில் பக்கத்தில் 188 வருகிறது. மச்சில் 94. எத்தனை முறை அளந்தாலும் 93, 94 தான். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது பெட்டி என்பதால் வேகம் குறைகிறதா?

கோவை வயர்மேன் · அடுத்த ஞாயிறு, மாலை 5:52

இல்லை தம்பி. வயரில் தொடர்ச்சியாகக் கொடுத்தால் வேகம் குறையாது. நடுப் பெட்டிக்குக் கரண்டு போனால் கடைசிப் பெட்டியும் சேர்ந்து போகும், அந்த ஒரு குறைதான். நடுப் பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் வையுங்கள்.

94 என்ற எண்ணே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கிடைக்கிற உச்ச வேகம் அதுதான். உங்கள் மச்சுக் கேபிள் ஜிகாபிட்டில் சேராமல் 100-க்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடி இழையும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு இழை, அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஆக, நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஏதோ ஒரு இழை சரியாக உட்காரவில்லை. 

கேபிளை மாற்ற வேண்டாம். இரண்டு நுனியிலும் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, புது பிளக்கில் இந்த வரிசையில் வையுங்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கிரிம்ப் செய்யும் (பிளக்கை அழுத்திப் பூட்டும்) முன்னால் பிளக்கின் முன்முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிய வேண்டும். ஏழு தெரிந்தால் உருவிவிட்டு மறுபடி சொருகுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன் · அடுத்த ஞாயிறு, இரவு 8:15

அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மச்சு நுனியில் பழுப்பு இழை அரை அங்குலம் உள்ளேயே நின்றிருந்தது. எலக்ட்ரீஷியன் சோதித்துவிட்டுத்தான் போனார், இணைப்பு வந்ததால் சரி என்று நினைத்துவிட்டார். வெட்டிப் புதிதாகப் போட்டேன். இப்போது மச்சில் 186.

இன்னொன்று. தார்சாவில் அழைப்பைத் தொடங்கி நடந்து போனால், இரண்டாம் கட்டுக்குப் போயும் மொபைல் சில நேரம் தார்சாவையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரவல் ரௌட்டர் · அடுத்த ஞாயிறு, இரவு 8:40

இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் வைஃபை இன்னும் எரிகிறதா அண்ணா? அதுவும் அதே பெயரில் இருந்தால் மொபைல் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷ்ஷின் பேச்சுக்கு அது கட்டுப்படாது. அதை அணைத்துவிடுங்கள். உங்கள் மெஷ் செட், ரௌட்டர் முறையில் ஓடுகிறதா, வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஃபைபர் பெட்டியே ரௌட்டர் வேலை பார்த்தால், மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்டாக வைப்பது நல்லது. இரண்டுமே ரௌட்டராக இருந்தால் இரட்டை நாட் (NAT) ஆகிவிடும், அதாவது முகவரி மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும். சில அலுவலக விபிஎன்களும் விளையாட்டுகளும் அதில் தடுமாறும்.

பாளையங்கோட்டைக்காரன் · அடுத்த ஞாயிறு, இரவு 9:30

அதேதான். இரண்டுமே அதே பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்து, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினேன். தார்சாவிலிருந்து மச்சு வரை பேசிக்கொண்டே நடந்தேன், ஒரு சொல்கூட விடவில்லை.

மணிமுத்தாறு · திங்கள், காலை 6:50

நல்ல உரையாடல். எங்கள் தோட்டத்தில் வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம் இருக்கிறது. அங்கே ஒரு கேமராவும் வைஃபையும் வேண்டும். 100 மீட்டர் வரை போகும் என்றீர்கள். தென்னை மரங்களில் கட்டி கேட் 6 இழுத்துவிடலாமா?

குமரிக் கடலோரம் · திங்கள், காலை 7:30

வேண்டாம் அண்ணாச்சி. நான் அப்படித்தான் வீட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவே இழுத்தேன். ஒரு சித்திரை மாதக் கோடை மழையில் பக்கத்துத் தோப்பில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் விழவில்லை. ஆனாலும் தொழுவத்து கேமரா, சுவிட்ச், வீட்டு ரௌட்டர், அதோடு கேபிளில் இருந்த டிவியின் போர்ட் எல்லாம் ஒரே நொடியில் போயின. வெளியே தொங்குகிற நீளச் செம்புக் கம்பி, பக்கத்தில் விழும் இடியையும் வாங்கிக்கொள்ளும்.

கோவை வயர்மேன் · திங்கள், காலை 9:10

இரண்டு கட்டடத்துக்கு நடுவே எப்போதும் ஃபைபர்தான். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் நெட்வொர்க் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வைத்தால், அங்கிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிளில் கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் கொடுக்கலாம். 60 மீட்டருக்கு ஃபைபரை இணைத்துத் தரும் ஆட்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், உங்கள் பகுதி கேபிள் டிவிக்காரரிடமே கேளுங்கள். ஒன்றை மறக்கவேண்டாம். வெளியே தொங்கவிடும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி கூடவே ஓடும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிக் கொக்கியில் கட்டிவிடுங்கள். அதைப் பெட்டி வரைக்கும் உள்ளே கொண்டுவந்தால் இடியும் அதே வழியில் உள்ளே வரும்.

வாடகை வீடு · திங்கள், மதியம் 12:40

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் வருத்தப்படுவார். ஒரே வரியில் வழி உண்டா?

கோவை வயர்மேன் · திங்கள், மதியம் 1:05

கதவுக்கு அடியில் போகிற தட்டைக் கேபிள் கிடைக்கும், தரை ஓரமாக ஒட்டும் பட்டை போட்டு மூடிவிடலாம். அதற்கும் வழியில்லை என்றால் மொட்டைமாடி அக்கா சொன்ன மாதிரி பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். பீரோவுக்குப் பின்னாலும் ஃபிரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள்.

பாளையங்கோட்டைக்காரன் · வியாழன், இரவு 7:20

இன்று அப்பாவுக்கு டாக்டர் அழைப்பு. 25 நிமிடம், ஒருமுறைகூட நிற்கவில்லை. நடுவில் ஐந்து நிமிடம் கரண்டு போனது. இரண்டாம் கட்டுப் பெட்டி இன்வெர்ட்டரில் நின்றது, தார்சா பெட்டிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நேற்றுதான் சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். இரண்டுமே 12 வோல்ட் என்பதை அடாப்டரில் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஆம்பியரும் வருகிற மாதிரி வாங்கினேன். அப்பா டாக்டரிடம் கால் வீக்கத்தை மொபைலைத் திருப்பிக் காட்டினார். டாக்டர் மாத்திரையில் ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

மணிமுத்தாறு அண்ணாச்சி, ஃபைபர் போட்டதும் எத்தனை மீட்டர் ஆனது, யார் இணைத்துக் கொடுத்தார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். மாமாவின் தோட்டத்துக்கும் அதே மாதிரி வேண்டும்.